உங்களுக்குத் தெரியுமா? டாஸ் ஜெயித்தவர் கையில் ஆட்டம்

அமெரிக்கன் ஃபுட்பாலில் நான்கு கால்பகுதிகள் முடிந்தும் இரு அணிகளும் ஒரே புள்ளியில் நின்றால் கூடுதல் நேரம் தொடங்கும். முதலில் யாருக்குப் பந்து என்பதை ஒரு நாணயம் சொல்லும். அந்த நாணயத்துக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம் என்று என்.எஃப்.எல். லீகில் அரை நூற்றாண்டாக வழக்கு நடக்கிறது.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு குறிப்பு. பந்து ஒரு நேரத்தில் ஓர் அணியிடம்தான் இருக்கும். 10 யார்டு முன்னேற 4 முயற்சிகள் உண்டு. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. பந்து இல்லாத அணி தடுக்கலாம், பறிக்கலாம். பறிக்க முடியாவிட்டால் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த முறை வராமலே ஆட்டம் முடிந்துவிடுவதுதான் இங்கே பிரச்சினை.

டாஸ் ஜெயித்தும் தோற்றவர்கள்

1958 டிசம்பர் 28, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் 7 விநாடி மீதமிருந்தபோது பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் ஸ்டீவ் மைரா ஒரு ஃபீல்டு கோல் உதைத்து 17–17 ஆக்கினார். என்.எஃப்.எல். சாம்பியன் பட்டம் ஒன்று ‘சடன் டெத்’ முறைக்குப் போனது அதுவே முதல் தடவை. யார் முதலில் புள்ளி எடுக்கிறாரோ அவருக்கே வெற்றி, அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. டாஸ் ஜெயித்த நியூயார்க் ஜயண்ட்ஸ் பந்தை வாங்கிக்கொண்டது. ஆனால் முன்னேற முடியாமல் பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுக்க நேர்ந்தது. ஜானி யூனைட்டஸ் 80 யார்டு தூரம் அணியை நடத்திச் செல்ல, ஆலன் அமீச்சி கடைசி ஒரு யார்டை முட்டித் தள்ளி உள்ளே போனார். கோல்ட்ஸ் 23, ஜயண்ட்ஸ் 17.

சடன் டெத்துக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த அந்த ஆட்டத்தில் டாஸ் தோற்ற அணிதான் ஜெயித்தது. அதனால் இந்த முறையில் இருந்த கோணல் நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை.

1974 வரை சாதாரண ஆட்டங்களில் இது கிடையாது

பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் ஆட்டங்களுக்கு மட்டுமே கூடுதல் நேரம் இருந்தது. 1974-ல் பருவம் முழுவதற்கும் 15 நிமிட சடன் டெத் வந்தது. செப்டம்பர் 22-ல் டென்வரில் அது முதன்முதலாக அமலானது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் டென்வர் பிராங்கோஸும் 15 நிமிடமும் மோதி, கடைசியில் 35–35 என்று சமநிலையிலேயே பிரிந்தன.

நாணயம் கனத்தது எப்போது?

தொடக்கத்தில் டாஸால் பெரிய லாபம் இல்லை. பின்னால் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து அதை உயர்த்தின. முதலாவது உதைப்பவர்களின் திறமை. எழுபதுகளில் பத்து ஃபீல்டு கோல் முயற்சிகளில் ஏறக்குறைய ஆறுதான் உள்ளே போயின. இன்று எட்டுக்கு மேல் போகின்றன. இரண்டாவது, 1994-ல் தொடக்க உதை எடுக்கும் இடத்தை 35-வது யார்டிலிருந்து 30-வது யார்டுக்குப் பின்தள்ளியது. அதனால் பந்தை வாங்கும் அணிக்கு முன்பைவிட நல்ல இடத்திலிருந்து தொடங்க வாய்ப்புக் கிடைத்தது. அங்கிருந்து இரண்டு மூன்று முறை முன்னேறினாலே போதும், பந்து ஃபீல்டு கோல் தூரத்துக்கு வந்துவிடும். ஒரே உதையில் கதை முடியும். 1994-க்குப் பிறகு வந்த ஒன்றரைப் பத்தாண்டுகளில் டாஸ் ஜெயித்த அணிகள் கூடுதல் நேர ஆட்டங்களில் சுமார் 60 விழுக்காட்டை வென்றன.

கூடுதல் நேர விதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆட்டம் மாறிவிட்டதால் பழைய விதி அநியாயமாகிவிட்டது. ‘இத்தனை காலம் இருந்த விதிதானே’ என்று வாதாடுபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாய் தவறினால்

1962 டிசம்பர், ஏ.எஃப்.எல். என்ற போட்டி லீகின் சாம்பியன்ஷிப், ஹூஸ்டன். காற்று எங்களுக்குச் சாதகமாக வேண்டும் என்று கேட்கும்படி டல்லாஸ் டெக்சன்ஸ் பயிற்சியாளர் ஹேங்க் ஸ்ட்ராம் சொல்லி அனுப்பினார். அணி வீரர் அப்னர் ஹேன்ஸ் டாஸ் ஜெயித்து, ‘நாங்கள் உதைக்கிறோம்’ என்று முதலில் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லோடு அவருடைய தேர்வு முடிந்தது. பந்தும் போயிற்று, காற்றும் போயிற்று. ஆனாலும் இரண்டாவது கூடுதல் கால்பகுதியில் டெக்சன்ஸ் 20–17 என்று வென்றது. அடுத்த ஆண்டு கன்சாஸ் சிட்டிக்குக் குடிபெயர்ந்து ‘சீஃப்ஸ்’ ஆனது இந்த அணிதான். கூடுதல் நேரச் சர்ச்சைகளில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

1998 நன்றி நவிலல் நாளில் டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக ஸ்டீலர்ஸ் வீரர் ஜெரோம் பெட்டிஸ் ‘பூ’ என்று சொன்னதாக உறுதியாக நின்றார். நடுவர் ஃபில் லக்கெட் காதில் ‘தலை’ என்று விழுந்தது. பந்து லயன்ஸுக்குப் போனது. அவர்கள் ஒரு ஃபீல்டு கோலில் 19–16 என்று முடித்துவிட்டார்கள். நாணயத்தைச் சுண்டுவதற்கு முன்பே தேர்வைக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் அதற்குப் பிறகே வந்தது.

2002-ல் அதே லயன்ஸின் பயிற்சியாளர் மார்ட்டி மார்ன்ஹின்வெக் டாஸ் ஜெயித்தும் பந்தை விட்டுவிட்டுக் காற்றைக் கேட்டு வாங்கினார். சிகாகோ பேர்ஸ் பந்தை எடுத்து ஃபீல்டு கோல் உதைத்து 20–17 என்று வென்றது. லயன்ஸுக்குப் பந்தே கிடைக்கவில்லை.

2004 ஜனவரியில் சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் மேட் ஹாசல்பெக், ‘பந்து எங்களுக்கு, புள்ளி எடுப்போம்’ என்று மைக்கிலேயே அறிவித்தார். கிரீன் பே பேக்கர்ஸின் அல் ஹாரிஸ் அவர் எறிந்த பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி ஆட்டத்தை முடித்தார்.

பாதிக்கப்பட்டவரே எதிர்த்து வாக்களித்தார்

2010 ஜனவரி, நியூ ஆர்லியன்ஸ். மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், பிரெட் ஃபார்வ். லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குப் போக ஒரு வெற்றிதான் பாக்கி. கூடுதல் நேரத்தில் டாஸ் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு விழுந்தது. காரெட் ஹார்ட்லி 40 யார்டிலிருந்து உதைத்தார், 31–28. ஃபார்வ் பந்தைத் தொடவே இல்லை.

இரண்டு மாதத்தில் அணி உரிமையாளர்கள் கூடி, பிளேஆஃபுக்கு மட்டும் விதியைத் திருத்தினார்கள். முதலில் பந்து பெறும் அணி டச்டவுன் போட்டால் ஆட்டம் முடிந்தது. வெறும் ஃபீல்டு கோல் என்றால் எதிரணிக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. ஆதரவு 28, எதிர்ப்பு 4. அந்த நான்கில் ஒன்று, பாதிக்கப்பட்ட அதே வைக்கிங்ஸ். மற்றொன்று பஃபலோ பில்ஸ்.

பத்தாண்டு கழித்து, 2020 ஜனவரியில், அதே ஊரில், அதே செயின்ட்ஸுக்கு எதிராக வைக்கிங்ஸ் டாஸ் ஜெயித்து முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் போட்டு 26–20 என்று வென்றது. இப்போது பந்தைத் தொடாமல் வீடு திரும்பியது செயின்ட்ஸ். 2012-ல் இந்தத் திருத்தம் சாதாரண ஆட்டங்களுக்கும் வந்திருந்தது. பஃபலோவின் முறை 2022-ல் வந்தது.

ஒரே ஒரு எறிதல்

2012 ஜனவரி 8, டென்வர். புதிய பிளேஆஃப் விதியின் கீழ் நடந்த முதல் கூடுதல் நேரம். முதல் ஆட்ட முயற்சியிலேயே டென்வரின் டிம் டீபோ எறிய, டிமேரியஸ் தாமஸ் பிடித்து ஓடி, 80 யார்டு டச்டவுன் ஆக்கினார். 11 விநாடியில் முடிந்தது.

சிறந்த வீரர்கள் மூவர், வெளியே உட்கார்ந்தபடி

ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருவரைச் சிறந்த வீரர் என்று தேர்ந்தெடுப்பார்கள். அந்த விருது பெற்ற மூன்று குவார்ட்டர்பேக்குகள், தங்கள் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் பந்தைத் தொடவே இல்லை.

2014 பருவத்தின் ஆரன் ராஜர்ஸ் (கிரீன் பே) சியாட்டிலில் 28–22 என்று தோற்றார். 2016 பருவத்தின் மேட் ரயன், 2017 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் தோற்றார். அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28–3 என்று முன்னிலையில் இருந்து, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் சமன் செய்து, டாஸும் ஜெயித்து, 34–28 என்று முடித்த ஆட்டம் அது. சூப்பர் பவுல் வரலாற்றில் கூடுதல் நேரத்துக்குப் போன முதல் ஆட்டமும் அதுதான். 2018 பருவத்தின் பேட்ரிக் மஹோம்ஸ் (கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ்), 2019 ஜனவரியில் தன் சொந்த மைதானத்தில் அதே பேட்ரியாட்ஸிடம் 37–31 என்று வீழ்ந்தார்.

ராஜர்ஸுக்கு இது அடுத்த ஆண்டும் நடந்தது. 2016 ஜனவரியில் அரிசோனாவில், கடைசி நொடியில் வானத்தைப் பார்த்து எறிந்த பந்தில் ஆட்டத்தைச் சமன் செய்தார். டாஸ் போட்ட நடுவர் கிளீட் பிளேக்மன் கையிலிருந்து போன நாணயம் சுழலாமலே விழுந்தது. மறுபடி சுண்டினார்கள். மறுபடியும் அரிசோனா கார்டினல்ஸுக்கே. லேரி ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரே முயற்சியில் 75 யார்டு கடந்து, பிறகு டச்டவுனும் போட்டார்.

12-க்கு 10

2010 விதி பிளேஆஃபில் நடைமுறையில் இருந்த காலத்தில் 12 ஆட்டங்கள் கூடுதல் நேரத்துக்குப் போயின. டாஸ் ஜெயித்த அணி வென்றது 10. அதில் 7 முதல் வாய்ப்பிலேயே டச்டவுனில் முடிந்தவை, அதாவது எதிரணிக்குப் பந்து கிடைக்காமலே முடிந்தவை. விதிவிலக்கு இரண்டுதான். 2019 ஜனவரியில் செயின்ட்ஸை வென்ற ராம்ஸ், 2022 ஜனவரியில் சீஃப்ஸை வென்ற சின்சினாட்டி பெங்கால்ஸ்.

‘தடுத்திருக்கலாமே?’

இந்த விவாதத்தில் எப்போதும் எழும் எதிர்வாதம் இதுதான். தடுப்பதும் ஆட்டத்தின் பாதி. தடுப்பாட்டக்காரர்களும் சம்பளம் வாங்குகிறார்கள். டச்டவுனை விட்டுக்கொடுத்தது உங்கள் குற்றம், விதியின் குற்றம் இல்லை.

கேட்கும்போது சரியாகத்தான் படும். ஆனால் சோதிக்கப்பட்டது யாருடைய தடுப்பாட்டம் என்று கேட்டுப் பாருங்கள். டாஸ் தோற்றவர்களுடையது மட்டும். ஜெயித்தவர்களின் தடுப்பாட்டக்காரர்கள் களத்துக்கே வரவில்லை. தடுப்பாட்டத்துக்கு மதிப்புக் கொடுக்கிறோம் என்று சொல்லும் ஒரு விதி, இரு அணிகளின் தடுப்பாட்டத்தையும் சோதிக்க வேண்டும். பந்து மாறி மாறிக் கைமாறும் வகையில் அமைந்த ஒரு விளையாட்டில், கடைசிக் கட்டத்தில் மட்டும் அந்த முறையைக் கைவிடுவதற்கு இதுவரை யாரும் எனக்கு ஏற்கும்படியான காரணம் சொன்னதில்லை.

13 விநாடி

2022 ஜனவரி 23, கன்சாஸ் சிட்டி. பஃபலோ பில்ஸின் ஜோஷ் ஆலனும் மஹோம்ஸும் எதிரெதிர். கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் இரு அணிகளும் சேர்ந்து 25 புள்ளி எடுத்தன. 13 விநாடி மிச்சம் இருந்தபோது பஃபலோ 36–33 என்று முன்னிலை. அந்த 13 விநாடியில் மஹோம்ஸ் அணியை ஃபீல்டு கோல் தூரத்துக்குக் கொண்டுபோய்ச் சமன் செய்தார். கூடுதல் நேர டாஸில் ஆலன் ‘பூ’ கேட்டார், ‘தலை’ விழுந்தது. மஹோம்ஸ் எறிந்த பந்தை டிராவிஸ் கெல்சி பிடித்தார், 42–36. அன்று யாராலும் தடுக்க முடியாத நிலையில் இருந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் ஆடும் வாய்ப்பைக் கொடுத்தது அந்த டாஸ்.

இதில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. இரு அணிக்கும் பந்து வேண்டும் என்று 2019-ல் விதித் திருத்தம் கேட்டதே கன்சாஸ் சிட்டிதான். அன்று அது நிறைவேறியிருந்தால் ஆலனுக்குப் பந்து கிடைத்திருக்கும்.

2022 மார்ச்சில் 29–3 என்ற வாக்கில் பிளேஆஃபில் இரு அணிக்கும் பந்து உறுதியானது. எதிர்த்த மூவர் வைக்கிங்ஸ், பெங்கால்ஸ், மயாமி டால்ஃபின்ஸ்.

விதி தெரியாமல் சூப்பர் பவுல்

2024 பிப்ரவரி 11, லாஸ் வேகாஸ். புதிய விதிக்கு முதல் சோதனை. சான் ஃபிரான்சிஸ்கோ 49-அர்ஸ் டாஸ் ஜெயித்துப் பந்தை முதலில் வாங்கியது. பயிற்சியாளர் கைல் ஷானஹனின் கணக்கு இது: இருவரும் சமமாகப் புள்ளி எடுத்தால் மூன்றாவது வாய்ப்பு நமக்கு வரும், அங்கிருந்து சடன் டெத். பல வீரர்கள் புதிய விதியே தங்களுக்குத் தெரியாது என்று ஆட்டத்துக்குப் பின் சொன்னார்கள். சீஃப்ஸ் தரப்போ அதைப் பருவத் தொடக்கத்திலிருந்தே பேசிப் பழகியிருந்தது.

49-அர்ஸ் ஃபீல்டு கோல் எடுத்தது, 22–19. பதிலுக்குச் சீஃப்ஸ் 13 முயற்சிகளில் 75 யார்டு கடந்தது. நடுவே ஒரு நான்காவது முயற்சியில் ஒரு யார்டு தேவைப்பட்டது. மஹோம்ஸ் தானே பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார். மெகோல் ஹார்ட்மேன் டச்டவுனோடு ஆட்டம் 25–22 என்று முடிந்தது.

இரண்டாவதாக ஆடுபவருக்கு உள்ள லாபம் அந்த நான்காவது முயற்சியில் தெரிகிறது. எத்தனை புள்ளி தேவை என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். மூன்று முயற்சி தோற்றாலும் நான்காவதைத் துணிந்து ஆட வேண்டும் என்றும் தெரியும். முதலில் ஆடுபவர் அந்த இடத்தில் யோசித்து, மூன்று புள்ளியோடு திருப்திப்பட்டு உதைத்துவிடுவார். ஆக, பழைய அநியாயம் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. சாய்மானம் முன்னவரிடமிருந்து பின்னவருக்குக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் இந்த விதிதான் மேல் என்பேன். இதில் தோற்றவருக்கும் ஒரு முறை பந்து கிடைத்திருக்கும்.

மற்றவர்கள் எப்படி?

கனடா லீகில் இரு அணிகளும் 35-வது யார்டிலிருந்து ஆளுக்கொரு வாய்ப்பு ஆடும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 25-வது யார்டு. 2018-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம், எல்.எஸ்.யூ. அணியை 7 கூடுதல் சுற்றுகளுக்குப் பின் 74–72 என்று வென்றது. 2021-ல் இல்லினாய், பென் ஸ்டேட்டை வெல்ல 9 சுற்று தேவைப்பட்டது.

கிரிக்கெட்டில் நாம் நன்கு அறிந்த சூப்பர் ஓவரில் டாஸே கிடையாது. ஆட்டத்தில் இரண்டாவதாக பேட் செய்த அணி சூப்பர் ஓவரில் முதலில் பேட் செய்யும். 2019 உலகக்கோப்பை இறுதியில் சூப்பர் ஓவரும் சமனாகி, பவுண்டரி எண்ணிக்கையில் இங்கிலாந்து கோப்பை வாங்கியபோது எழுந்த கோபத்தைப் பார்த்து அந்த விதியை ஐ.சி.சி. சில மாதத்திலேயே நீக்கியது. என்.எஃப்.எல். லீகுக்கு அந்த வேகம் வரவில்லை.

ஒருவர் பிரிக்க, மற்றவர் எடுக்க

2021-ல் பால்டிமோர் ரேவன்ஸ் ஒரு யோசனை வைத்தது. ஓர் அணி பந்து எந்த யார்டில் தொடங்க வேண்டும் என்று சொல்லும். மற்ற அணி, அந்த இடத்தில் பந்தை வாங்குவதா, தடுப்பதா என்று முடிவு செய்யும். அண்ணன் பாகம் பிரித்தால் தம்பி முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் போன்ற ஏற்பாடு. தாராளமான இடம் சொன்னால் எதிரணி பந்தை எடுத்துக்கொள்ளும். பந்து வாங்குபவரின் எல்லைக்கோட்டுக்கு மிக அருகே சொன்னால் எதிரணி தடுக்கத் தயாராகும். அதனால் இடம் சொல்பவர் இரண்டும் சமமாகப்படும் ஒரு யார்டைத் தேடியாக வேண்டும்.

இதிலும் ஒரு டாஸ் உண்டு. ஆனால் டாஸ் ஜெயித்தவருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அதுதான் இதன் அழகு. தற்காப்பில் பலமான அணி ஒரு கணக்குப் போடும், உதைப்பவரை நம்பும் அணி வேறு கணக்குப் போடும். பார்வையாளருக்கும் அந்தச் சில நொடிகளே தனி விருந்து. நான் படித்த எல்லா யோசனைகளிலும் நியாயமானது இதுவே. உரிமையாளர்கள் அதை ஏற்கவில்லை.

உடம்பு தாங்குமா?

‘முடிவு வரும்வரை முழு ஆட்டமாக ஆடட்டும்’ என்பவர்கள் 1971 கிறிஸ்துமஸ் நாளைப் பார்க்க வேண்டும். கன்சாஸ் சிட்டியில் மயாமி டால்ஃபின்ஸ் 27–24 என்று வெல்ல 82 நிமிடம் 40 விநாடி ஆனது. என்.எஃப்.எல். லீகின் மிக நீண்ட ஆட்டம் இன்றும் அதுதான். முடித்துவைத்தவர் சைப்ரஸில் பிறந்த ஆர்மீனியரான காரோ யெப்ரிமியன். 1984-ல் யு.எஸ்.எஃப்.எல். என்ற வேறொரு லீகில் லாஸ் ஏஞ்சலஸ் எக்ஸ்பிரஸும் மிச்சிகன் பாந்தர்ஸும் 93 நிமிடம் 33 விநாடி மோதின.

மோதலே தொழிலாக உள்ள ஆட்டம் இது. ஒவ்வொரு கூடுதல் நிமிடமும் மூளைக்கும் மூட்டுக்கும் செலவு. 2017-ல் சாதாரண ஆட்டங்களின் கூடுதல் நேரத்தை 15-லிருந்து 10 நிமிடமாகக் குறைத்ததற்கு வீரர்களின் பாதுகாப்பே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன்.

சமனாக முடியலாம் என்பதே தெரியாது

2008 நவம்பரில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸும் சின்சினாட்டியும் 13–13 என்று பிரிந்தன. ஆட்டம் சமனிலேயே முடியும் என்று தனக்குத் தெரியாது என்றார் ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் டானவன் மெக்நாப். அப்போது அவர் என்.எஃப்.எல். லீகில் பத்தாவது பருவம் ஆடிக்கொண்டிருந்தார்.

40–40

2025 ஏப்ரலில், ஈகிள்ஸ் கொண்டுவந்த யோசனைப்படி, சாதாரண ஆட்டங்களிலும் இரு அணிக்கும் பந்து என்று விதி வந்தது. 15 நிமிடம் வேண்டும் என்று ஈகிள்ஸ் கேட்டது. கிடைத்தது 10. அந்த செப்டம்பர் 28-ல் டல்லாஸ் கவ்பாய்ஸ் முதலில் ஃபீல்டு கோல் எடுத்தது. கிரீன் பே பதிலுக்கு நகர்ந்து நகர்ந்து, நேரம் முடியும் தறுவாயில் ஒரு ஃபீல்டு கோல் உதைத்தது. 40–40.

சமனில் முடிந்ததில் எனக்கு வருத்தமில்லை. இரு பக்கமும் ஆடின, இரு பக்கமும் தடுத்தன, யாரும் மேலில்லை என்று தெரிந்தது. வருத்தம் கடிகாரத்தைப் பற்றியது. முதல் அணி நிதானமாக ஆடி நிமிடங்களைத் தின்றால், இரண்டாவது அணி பந்தோடு சேர்த்துக் கடிகாரத்தோடும் போராட வேண்டியிருக்கிறது. வாய்ப்பைக் கொடுத்துவிட்டு நேரத்தைப் பிடுங்குவது அரை நியாயம். பிளேஆஃபில் இந்தச் சிக்கல் இல்லை, முடிவு வரும்வரை அங்கே கால்பகுதிகள் தொடரும். சாதாரண ஆட்டங்களில் இரண்டாவது அணி தன் முதல் வாய்ப்பை முடிக்கும்வரை கடிகாரத்தை நிறுத்திவைத்தால், ஒரு வாய்ப்புக்கு மேல் யாருடைய உடம்பும் கூடுதலாகச் செலவாகாது.

24

என்.எஃப்.எல். லீகில் 32 அணிகள். விதியை மாற்ற வேண்டுமென்றால் அவற்றில் 24 சம்மதிக்க வேண்டும். யோசனையை மேசைக்குக் கொண்டுவர ஓர் அணி போதும். ரேவன்ஸின் யோசனையை எந்த வசந்தகாலக் கூட்டத்திலும் மறுபடி வைக்கலாம்.